ஐந்து ஏரிகளும் ஒரு மாநகராட்சியும்

தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது, இனித் தென்புறநகரின் துயரங்கள் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சில ஆண்டுகளாகவே சண்டை. அவர்களில் பலர் நல்ல வாசகர்கள். ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று அரைமணி நேரம் வாதாடக்கூடியவர்கள். ‘இணைப்பு’ என்கிற சொல்லை மட்டும் எந்த ஐயமும் இல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

நடந்தது என்ன? 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை, சிட்லபாக்கம் என்ற 5 பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. 70 வார்டுகள், ஒரு மேயர். பத்துப் பெயர்ப்பலகைகள் இறங்கின, ஒன்று ஏறியது. ஆனால் இந்த ஊர்களும் இவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியும் கூடி உட்கார்ந்து, எந்த நிலத்தில் கட்டலாம், எந்த நிலத்தைத் தண்ணீருக்கு விட்டுவைக்க வேண்டும் என்று பேசி முடிவெடுக்கும் மன்றம் ஒன்று அன்று பிறக்கவில்லை. இணைப்பு வேறு, ஒத்துழைப்பு வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நமக்கு மறுக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

ஏரிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியில் நிலம் என்பதே ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் கிடப்பதுதான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும். ஏரிகளை இப்படிச் சங்கிலியாகக் கோத்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. ஒருவரின் கலங்கல் அடுத்தவரின் வரத்துக்கால் என்பதை அறிந்தவர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

இந்தச் சங்கிலியை 2021க்கு முன் ஆண்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். சிட்லபாக்கம் பேரூராட்சி. செம்பாக்கம் நகராட்சி. நன்மங்கலம் கிராம ஊராட்சி. கீழ்க்கட்டளை பல்லாவரம் நகராட்சியின் பகுதி. நாராயணபுரமும் சதுப்பும் 2011 முதல் சென்னை மாநகராட்சி எல்லைக்குள். ஐந்து ஏரிகளுக்கு ஐந்து உள்ளாட்சிகள். இணைப்புக்குப் பின்? சிட்லபாக்கமும் செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. இது ஆதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் செம்பாக்கத்துத் தண்ணீர் கீழ்க்கட்டளைக்குப் போக நன்மங்கலத்தைக் கடந்தாக வேண்டும், நன்மங்கலமோ அந்த இணைப்பில் சேர்க்கப்படாத ஊராட்சி. மாநகராட்சியின் நீர் ஊராட்சிக்குள் புகுந்து, மீண்டும் மாநகராட்சிக்கு வந்து, இன்னொரு மாநகராட்சியில் போய் முடிகிறது. இந்த வழியில் எங்கே ஒரு மனைப்பிரிவு எழுந்தாலும் அதற்குக் கீழேயும் மேலேயும் உள்ளவர்களுக்குச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

‘அப்படியானால் நன்மங்கலத்தையும் சேர்த்துவிடலாமே’ என்பார்கள். சேர்க்கலாம். பிறகு மேடவாக்கம், வேங்கைவாசல், பெரும்பாக்கம். எல்லையை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதற்கு வெளியே ஓர் ஊர் இருக்கும், அந்த ஊரின் ஏரி நம்முடைய ஏரிக்கு மேலேயோ கீழேயோ இருக்கும். திருவள்ளூரிலிருந்து செங்கல்பட்டுவரை ஒரே மாநகராட்சியாக்கினாலொழிய இந்தத் தர்க்கம் நிற்காது. அப்படி ஒன்றை ஆக்கிவிட்டால் அதில் முடிச்சூர்க்காரர் தம் கவுன்சிலரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும்.

முடிச்சூர் என்றதும் 2015 நினைவுக்கு வராதவர் இருக்க முடியாது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. ஆதனூர், கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஏரிகளின் உபரியைச் சுமந்து வரும் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. இரண்டு ஊர்களும் அடுத்தடுத்து இருப்பவை, மூழ்கியது ஒரே ஆற்றின் வெள்ளத்தில். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உருவாக்கினார்கள். முடிச்சூர் செங்கல்பட்டுக்குப் போயிற்று, வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இரண்டுமே அதில் இல்லை. அந்த வெள்ளத்திலிருந்து அரசு கற்ற பாடம் இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் திருநீர்மலை மட்டும் மாநகராட்சிக்குள் உண்டு. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்று தலபுராணம் சொல்லும் ஊர் அது. பக்திக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். செம்பரம்பாக்கத்து உபரி அடையாற்றோடு கலக்கும் இடத்தில் நின்றுகொண்டு எழுதப்பட்ட கதை என்று எனக்குப் படுகிறது. வரைபடம் போடுகிறவர்கள் அதையாவது படித்திருக்கலாம்.

வரைபடம் போடுகிறவர்கள் யார்? வண்டலூர் வரை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதைத் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போனால் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. குழுமத்தின் பரப்பு 1,189 சதுர கி.மீ. அதை 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. விரிவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஓர் அமைச்சரின் தலைமையில் அதிகாரிகள் நிறைந்து அமரும் மேசை, ஐந்து மடங்கு பெரிதானாலும் மேசைதான். அதில் நன்மங்கலத்து ஊராட்சித் தலைவருக்கு நாற்காலி கிடையாது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டத்தைக் குழுமம் எழுதியது. மூன்றாவதன் பணியும் குழுமத்திடமே. உள்ளாட்சிகளுக்கு ‘கருத்துக் கேட்பு’ என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். சமையல் முடிந்த பிறகு உப்பு சரியா என்று கேட்பது போல.

இத்தனைக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 243இசட்இ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெருநகர்ப் பகுதிக்கும் ஒரு பெருநகர்த் திட்டக் குழு வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர், நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாக நிலப்பரப்புத் திட்டத்தையும் தண்ணீர்ப் பகிர்வையும், அந்தக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்கும் மன்றம் எழுத்துக்கு எழுத்து இதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, சென்னையின் பெருந்திட்டத்தை வரையும் கை இன்னும் குழுமத்தின் கைதான். மாநில சுயாட்சி பற்றி உரத்துப் பேசும் நம் இரு பெருங்கட்சிகளும் தமக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சுயாட்சி என்று வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன.

‘கவுன்சிலர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் நம்பி நிலத்தை ஒப்படைக்கச் சொல்கிறீர்களா?’ எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுவே, தட்டிக்கழிக்கக் கூடாது. ஊராட்சித் தலைவரின் முத்திரையை மட்டும் நம்பி மனை வாங்கிய குடும்பங்கள் இந்தப் பகுதியில் எத்தனை என்று எண்ணி முடியாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்றே அதற்குப் பெயர். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகுதான் அந்த முத்திரையின் மதிப்பு பலருக்கும் தெரிந்தது. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017இல் அரசே விதி வகுத்து, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தத் தொடங்கியது. ஊராட்சித் தலைவர் செய்தால் முறைகேடு, கோட்டையில் செய்தால் கொள்கை. சதுப்பு சுருங்கியதற்கும் ஊராட்சிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அரசின் கட்டடங்களே அதில் எழுந்தன. சென்னை மாநகராட்சி 1980களிலிருந்து பெருங்குடியில் குப்பை கொட்டியது. 2011 வரை பெருங்குடி அதன் எல்லைக்குள் இருந்த ஊரே அல்ல. அண்டை வீட்டுக் கொல்லையில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டிவிட்டு, பிறகு அந்தக் கொல்லையையே நம் வீட்டோடு சேர்த்துக்கொண்டோம். சேர்த்ததால் குப்பை மேடு கரைந்துவிடவில்லை. பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் வேலை தொடங்கவே மேலும் பல ஆண்டுகள் ஆயின. பெருங்குடிக்காரர் சமமாக அமர்ந்து பேசும் இடம் ஒன்று அன்று இருந்திருந்தால், முதல் லாரி வரும்போதே யாரோ ஒருவர் எழுந்து மறுத்திருப்பார். தனியே நிற்கும் ஊராட்சித் தலைவரை வாங்கிவிடலாம். ஆறு ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேல்மடை ஊர்க்காரரை வாங்குவது கடினம், கீழ்மடைக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

வெளியுலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் மூன்று மாவட்டங்களையும் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களையும் தழுவிய ‘மெட்ரோ’ என்ற மன்றத்துக்கு மக்கள் 1978இல் வாக்களித்து உயிர் கொடுத்தார்கள். நகரம் எதுவரை பரவலாம் என்ற எல்லைக்கோட்டை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்களே நிர்வகிக்கிறார்கள். எந்த ஊரும் தன் பெயரை இழக்கவில்லை. சண்டைகள் அங்கேயும் உண்டு, ஆனால் அவை நடப்பதற்கு ஓர் அறை இருக்கிறது.

ஊராட்சியாகவே இருப்போம், வரி ஏறாது, ஊரக வேலைத் திட்டம் போகாது என்று வாதிடும் நண்பர்களையும் நான் முழுதாக ஆதரிக்க முடியாது. அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் நான்கு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்த பிறகும், கழிவுநீர்க் குழாய்க்கு மட்டும் ‘நாங்கள் கிராமம்’ என்பது கீழே உள்ள ஏரிக்குச் செய்யும் துரோகம். தனித்திருக்கும் உரிமை வேண்டுமென்றால், அடுத்த ஊரோடு உட்கார்ந்து பேசும் கடமையும் உண்டு.

எங்கள் தெருமுனை வடிகால் பற்றி ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அது எங்கள் எல்லையில்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் எல்லை எங்களுடையதுதான், கால்வாய் எங்களுடையதல்ல என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது உள்ளாட்சிக்கு என்பது பழைய வகைப்பாடு. ஒரு ஏக்கர் நெல்கூட விளையாத இந்தப் புறநகரில், என்றோ பாய்ந்த ஆயக்கட்டை அளந்துதான் ஏரிக்குச் சொந்தக்காரரைத் தீர்மானிக்கிறோம். பயிரிட்டவர்கள் இருந்தவரை ஏரிக்கு ஆள் இருந்தது. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததென்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம், நானும் வகுப்பில் பேசியிருக்கிறேன். ஆண்டுதோறும் ஆட்களை மாற்றி, ஏரிக்குப் பதில் சொல்ல ஒரு குழுவை ஊரே அமர்த்தியது என்பதுதான் அந்தக் கல்வெட்டின் செய்தி. அமர்த்தியது சோழ மன்னனின் அமைச்சர் அல்லர்.

மூன்றாம் பெருந்திட்டத்துக்கு ‘கருத்துக் கேட்பு’ என்று எந்த மண்டபத்தில் நாற்காலி போட்டாலும் வாசக நண்பர்கள் போக வேண்டும். நில உபயோக வண்ணங்களைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். 243இசட்இ சொல்லும் குழு எங்கே, அதில் நன்மங்கலத்துக்கும் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் யார் அமர்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.