தஞ்சாவூரில் மலை ஏதம்மா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டி என் வைத்தியசாலைக்கு வந்திருந்தார். ''டாக்டர் தம்பி, வருஷா வருஷம் இவளுக்குக் கண்ணாடி பவர் ஏறிக்கிட்டே போகுது. ஏதாச்சும் சொட்டு மருந்து குடுங்களேன்'' என்றார்.

பவரை இறக்குகிற சொட்டு மருந்து என்னிடம் கிடையாது. 'கண் டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றவே கூடாது' என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் டிராயிங் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு!

''ஏம்மா, தஞ்சாவூர்ல மலை எங்கம்மா இருக்கு?''

சிரித்துவிட்டாள். பத்து நிமிஷ நடையில் வெண்ணாறு ஓடுகிறது. அதை நின்று பார்க்க அவளுக்கு ஏது நேரம்? பள்ளி, டியூஷன், செல்போன்!

பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதை இன்று கண் மருத்துவர்களே சொல்கிறார்கள். தைவானில் இதற்காகவே 2010-இல் பள்ளிகளில் திட்டம் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வந்த பவர் இதனால் போய்விடாது. ஆனால், கண்ணாடி போடாத தம்பி தங்கைகளையாவது காப்பாற்றலாமே!

'சும்மா வெளியே போய் நில்' என்றால் எந்தப் பிள்ளை நிற்கும்? அதனால்தான் சொல்கிறேன்... ஆற்றங்கரையில் உட்கார்ந்து படம் வரையட்டும். எதிர்க்கரை மரத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, மறுபடி மரத்தைப் பார்த்து... கண் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் போய் வரும்.

''படம் வரைஞ்சா சோறு போடுமா சார்?'' என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்தான் ஓவியர் இளையராஜா. அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. கிராமத்துப் பெண்களையும் வீட்டுக்குள் விழும் வெயிலையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தே தமிழ்நாட்டுக்கு அறிமுகமானார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது நமக்கெல்லாம் நஷ்டம். நம் சரபோஜி மன்னரோ, கண் நோயாளிகளின் கண்களைப் படமாகவே வரைந்து வைக்கச் செய்தவர். சரஸ்வதி மகாலில் அவை இன்றும் இருக்கின்றன.

பெரியவர்களும் வரையலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு எண்ணெய் வண்ணம் நல்ல துணை. சீக்கிரம் காயாது, தப்பைத் திருத்த அவகாசம் தரும். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபைக் கண்டுபிடித்த பிறகுதான், இந்த வண்ணத்தைச் சுலபமாக ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போக முடிந்தது.

ஆனால், எச்சரிக்கை தேவை! அரிதாரம், சாதிலிங்கம் இரண்டும் அந்தக் காலத்து ஓவியர்களின் வண்ணங்கள். சித்த வைத்தியத்தில் அவற்றைச் சுத்தி செய்யாமல் நாங்கள் தொடுவதில்லை. இன்றைய டியூபிலும் ஈயம், காட்மியம் கலந்த வண்ணங்கள் உண்டு. அதில் சுத்தி ஏது? லேபிளைப் படித்து வாங்குங்கள். தூரிகையை வாயில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள். டர்பன்டைன் வாடை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. தூரிகை கழுவியதை ஆற்றில் ஊற்றவே கூடாது. அது நெல்லுக்குப் பாயும் தண்ணீர்! பிள்ளைகளுக்கு நீர் வண்ணமே போதும்.

இன்னொன்று... தண்ணீர் உள்ள வருஷங்களில் ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் இழுப்பும் அதிகம். படித்துறையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மேலே, மர நிழலில் உட்காரட்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

அந்தப் பாட்டியிடம் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: 'தினமும் சாயங்காலம் வெளியே விளையாட்டு. சனி, ஞாயிறு காலை ஆற்றங்கரை. துணைக்குப் பாட்டி.'

''எனக்குமா?'' என்றார்.

''உங்களுக்கும்தான் அம்மா. முழங்காலுக்கு நடை வேண்டாமா?''

அடுத்த முறை அந்த நோட்டில் மலை இருக்காது என்று நம்புகிறேன். உங்கள் வீட்டு நோட்டையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன்!