இயற்பியல் படித்தால் உயிரியலுக்குப் போகக் கூடாதா?

கேள்வி: ‘மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டாள். இப்போது உயிரியல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். மூன்று வருடப் படிப்பும் செலவும் வீண்தானா?’
– தோவாளை வட்டத்திலிருந்து ஒரு நெல் விவசாயி.

பதில்: வீண் இல்லை. அப்படி மாறிப் போய் நோபல் பரிசு வாங்கியவரே இருக்கிறார். அவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

பரோடாவில் இயற்பியல் பட்டம் பெற்ற அவர், 1976-ல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தில் முனைவர் ஆனார். ஆனால் மனம் உயிரியல் பக்கம் திரும்பியது. பட்டம் வாங்கிய கையோடு சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ரைபோசோம் என்பது ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் புரதப் பட்டறை. நெல்லிலும் உண்டு, மாட்டிலும் உண்டு, நோய்க்கிருமியிலும் உண்டு. சாதாரண நுண்ணோக்கியில் அதன் உள்ளமைப்பு தெரியாது. அதைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறும் விதத்தைக் கணக்குப் போட்டுத்தான் அப்போது அறிந்தார்கள். பழைய இயற்பியல் அறிவு அங்கே கைகொடுத்தது. பாக்டீரியா ரைபோசோமின் சிறிய பகுதி எப்படி இருக்கிறது என்பதை அவருடைய குழு 2000-ல் வெளியிட்டது. 2009-ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

இதற்கும் வயலுக்கும் சம்பந்தம் உண்டு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தெளிக்கப்பட்டு வந்த தூளில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின், கிருமியின் ரைபோசோமில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதையும் அந்தக் குழுதான் காட்டியது. மருந்து ஒட்டியதும் பட்டறை தப்பும் தவறுமாகப் புரதம் செய்கிறது, கிருமி சாகிறது. குலைநோய் பூஞ்சாணத்தால் வருவது, அதற்கு இந்த மருந்து பலிக்காது. அடிக்கடி தெளித்தால் கிருமி பழகிவிடும். இதே மருந்து மனிதருக்குக் காசநோய் ஊசியாகவும் பயன்படுகிறது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். யூரியாவை அளவோடு போடுவதும், நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமலிருப்பதும் முதல் வைத்தியம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முனைவர் பட்டத்திலிருந்து அந்தக் கண்டுபிடிப்புக்கு 24 வருடம் ஆனது. நடுவில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. அவருடைய பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது வீட்டுக்குத் தெரியும். விவசாயக் குடும்பம் உதவித்தொகைக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உயிர் இயற்பியல் துறை இருக்கிறது. அதை வளர்த்த ஜி.என்.ராமச்சந்திரனும் இயற்பியல் படித்தவரே. முதுகலை முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால், ஆராய்ச்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை வரும். இந்த இரண்டையும் மகளுடன் உட்கார்ந்து விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

நெல் போட்ட வயலில் வாழை வைத்தவர்கள் நாஞ்சில் நாட்டில் எத்தனையோ பேர். பயிர் மாறியதால் தண்ணீர் கட்டத் தெரிந்த கை அதை மறந்துவிடவில்லை.