பழைய காருக்குப் புதிய பலகை: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்கள் சமுகத்திற்கு, குன்னூரிலிருந்து ஒரு பழைய கார்க்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை என்று சட்டம் பெயரிட்டிருக்கும் அலுமினியத் தகட்டைப் பழைய வண்டிகளும் தாங்கியாக வேண்டும் என்ற கட்டளை டெல்லியிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பிறந்து, ஒரு கெடு முடிந்து மறு கெடுவாக நீண்டு, எப்படியோ நிறைவேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்கட்டளையை நம் மாநிலத்திலும் பழைய வண்டிகள் அனைத்தின்மீதும் முழுமையாக நிறைவேற்றும் நாளில், இந்த மலையில் மிஞ்சியிருக்கும் ஆங்கிலேயக் கார்களின் விஷயத்தில் தாங்கள் சிறிது விசேஷ சிரத்தை காட்டவேண்டும் என்பதே என் விண்ணப்பம். பலகை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பலகைக்காகக் காரில் துளை போடாதீர்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

இந்தக் கார்கள் இங்கே வந்த வரலாறு தாங்கள் அறியாததன்று. தேயிலைத் தோட்டங்களின் துரைமார்கள் சீமையிலிருந்து தருவித்த ஆஸ்டின்களும் மாரிஸ்களும் ஹில்மன்களும் ஒரு பக்கம். 1948-இல் சென்னையில் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்துத் தந்த அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் ஹெரால்டைத் தந்த ஸ்டாண்டர்டு கம்பெனி ஆகியவற்றின் வண்டிகள் மற்றொரு பக்கம். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறியபோது, அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகளைத் தோட்டத்து டாக்டரும், தலைமைக் குமாஸ்தாவும், உதகை சேரிங் கிராஸ் பக்கத்து மெக்கானிக்கும் வாங்கி, உதிரிபாகம் கிடைக்காத காலத்திலும் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டுக் காப்பாற்றினார்கள். என் வீட்டில் நிற்கும் மாரிஸ் மைனரும் அப்படி என் தகப்பனார் கைக்கு வந்ததே. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, இங்கிலாந்தில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதலில் தொட்ட கார் வகை அது. அதே உருவத்தைத்தான் நம் நாட்டில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் ஓட்டினோம்.

புதிய பலகையின் நோக்கத்தில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு, ஒளியைத் திருப்பி வீசும் பரப்பு, இடது மேல்மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கரம் பொறித்த குரோமிய முத்திரை, அதன் கீழே நீல நிறத்தில் நாட்டின் குறியெழுத்துகள், லேசர் கதிரால் பொறித்த நிலையான எண், ஒருமுறை பூட்டினால் உடைத்தாலொழியக் கழற்ற முடியாத பூட்டாணி: இத்தனையும் களவுபோன வண்டி வேறொரு எண்ணைச் சூடிக்கொண்டு ஓடாதிருப்பதற்காக. விதி 2001-ஆம் ஆண்டே வந்தும் மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து, உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகே பல இடங்களில் அசைந்தன என்பதும் நாடறிந்ததே. 1950-களின் மாரிஸ் ஒன்றைத் திருடிக்கொண்டு குன்னூர் மார்க்கெட்டை யார் கண்ணிலும் படாமல் கடப்பவன் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்றாலும், அந்த நியாயத்தைக் காட்டி விலக்குக் கேட்க எனக்கு மனமில்லை.

என் கவலையெல்லாம் அந்தப் பூட்டாணியைப் பற்றியது. என் காரின் பின்புறத்தில், டிக்கி மூடியின்மேல் சிறிய குரோமியக் கூட்டுக்குள் ஒரு விளக்கும், அதன் வெளிச்சம் விழும் அளவுக்குச் சதுரப் பாங்கான இரண்டு வரிப் பலகையும் அமைந்திருக்கின்றன. அந்த மூடி ஒரே தகட்டில் அச்சிட்டு வளைத்தது. இன்று வேறொன்று வேண்டுமென்றால் சீமைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். பலகை பொருத்தும் இடத்திலோ காலை முதல் மாலை வரை வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. பொருத்துகிறவர் கையில் டிரில் ஒன்றும் ரிவெட் அடிக்கும் கருவி ஒன்றும் இருக்கின்றன. அவருக்கு ஆல்ட்டோவும் ஒன்றுதான், ஆஸ்டினும் ஒன்றுதான். அண்டை மாநிலத்தில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், கட்டணம் செலுத்தி, குறித்த நேரத்துக்குத் தம் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுபோய் நிறுத்தி, ரசீதை எடுக்க முன்சீட்டுப் பக்கம் குனிந்து நிமிர்வதற்குள், பழைய திருகாணித் துளைகள் இரண்டு அங்கே இருக்கவே, அவற்றுக்கு விரற்கடை தள்ளிப் புதிதாக நான்கு துளைகள் விழுந்துவிட்டன. துளையின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. அதன்மேல் பலகையை வைத்து அழுத்தி மூடிவிட்டார்கள். சமவெளியில் அது சில ஆண்டுகள் தாங்கலாம். இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறிப் பெய்து, இடைப்பட்ட நாட்களில் மூடுபனி இறங்கி, மார்கழி தை மாதங்களில் உறைபனியும் சேர்ந்துகொள்ளும். தகட்டுக்கும் மூடிக்கும் இடையே புகுந்த ஈரம் உலரவே உலராது. ஓரிரண்டு மழைக்காலத்திற்குள் பலகையைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்போது டிங்கர் வேலைக்கும் பட்டி பார்ப்பதற்கும் விட்டால், பலகையைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமென்றால் பூட்டாணியை உடைக்க வேண்டும். உடைத்தால் மறுபடியும் பொருத்துமிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே அதே டிரில் காத்திருக்கும்.

பலகையின் அளவும் ஒரு விஷயம். நான்கு சக்கர வண்டிக்கு 500-க்கு 120 மில்லிமீட்டர் என்ற நீளப் பலகையும், 340-க்கு 200 என்ற சதுரப் பாங்கான பலகையும் விதியில் இருக்கின்றன. பின்னது எங்கள் கார்களின் பின்புறத்துக்கு ஏறத்தாழ இயல்பாகவே அமையும். ஆயினும் கார் என்றாலே நீளப் பலகைதான் என்று எடுத்து நீட்டினால், இரண்டு ஓரமும் விளக்கின் வெளிச்சத்துக்கு வெளியே போய், பதிவெண்ணின் முதலும் முடிவும் இரவில் இருளில் நிற்கும். முன்புறத்தில் இதைவிட விபரீதம். உலகப்போருக்கு முந்திய ஆஸ்டின் செவனில் நீர்ப்பம்பு கிடையாது. சூடான நீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் காற்றுப்பட்டுக் குளிர்ந்து, தானாகக் கீழிறங்குவதே அதன் குளிரூட்டும் முறை. அதன் முகத்துக்கு நேரே அரை மீட்டர் நீளத் தகட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வாருங்கள் என்றால், அது பர்லியாறு வந்து சேர்வதற்குள் ஆவி கக்கி நின்றுவிடும்.

பலகையை யார் தருவது என்பதும் எங்களுக்குத் தெளிவாகவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் வெளிவரும் வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே பலகையைத் தருகிறார். பழைய வண்டிக்காரர்களும் பல மாநிலங்களில் தத்தம் கம்பெனியின் பெயரைக் கணினியில் தேர்ந்தெடுத்தே முன்பதிவு செய்கிறார்கள். ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் ஒன்றாகி, 1968-இல் லேலண்டோடு கலந்து, பெயரளவிலும் மறைந்து தலைமுறை ஒன்று ஆகிவிட்டதே. நாங்கள் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது?

இனி எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். 1989-க்கு முன் பதிவான எங்கள் வண்டிகளின் எண்ணில் நீலகிரி மாவட்டத்தைக் காட்டும் 43 கிடையாது. மதராஸ் மாகாணத்தின் எம் என்ற எழுத்தில் தொடங்கி மூன்றெழுத்தும் ஓர் எண்ணுமாக நிற்கும். உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும், டி.என். 43 என்ற பதிவு கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. இம்மலையிலேயே பதிவாகி, இம்மலையை விட்டு அதிகம் இறங்காத கார் ஒன்று கல்லாறு சோதனைச்சாவடியில் வெளியூர் வண்டியாக நிற்பதும், இளவயதுக் காவலர் அந்த மூன்றெழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு எந்த மாநிலம் சார் என்று வினவுவதும் வேடிக்கையாக இருந்தாலும், பின்னால் நிற்கும் சுற்றுலா வண்டிகளின் ஹாரன் ஒலியில் அந்த வேடிக்கை சீக்கிரமே தீர்ந்துவிடும். புதிய பலகை ஏறும்போது எண்ணையும் புதிதாக மாற்றிக்கொள்ளச் சொல்வார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் என் தகப்பனார் பெயருக்கு மேலே இருக்கும் எண்ணை இழக்க நான் ஒருப்படேன்.

மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் செய்தபோது, இந்த அச்சத்துக்கு ஒரு பரிகாரம் செய்தது உண்மையே. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் மாறாதிருக்கும் வண்டி அந்தப் பட்டியலில் சேரலாம். ஏற்கெனவே பதிவானது தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிச் சேர்ந்த வண்டி கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுதுபார்க்கவும் மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பிரயாணம் கூடாது. இது சென்னையிலோ மும்பையிலோ பூட்டிய கொட்டகையில் பத்துக் கார் வைத்திருக்கும் சீமானுக்குப் பொருந்தும். எங்களுக்கு அது ஒன்றே கார். மேலும் ஓடாத கார் கெடும்: பிரேக் சிலிண்டர் இறுகும், ரப்பர் வெடிக்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் உலர்ந்து பிசினாகும். வாரத்தில் இரண்டு நாள் வெலிங்டன் வரை போய்க் காய்கறி வாங்கி வருவதுதான் அதற்கு வைத்தியம். எனவே எங்களில் பலர் சாதாரணப் பதிவிலேயே இருந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். பலகை விஷயத்தில் தவிக்கப்போவதும் நாங்கள்தாம்.

இக்கார்கள் பிறந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் தகும். அங்கே 1904 ஜனவரி 1 முதல் பதிவெண் கட்டாயம். 1973 முதல் புதிய வண்டிகளுக்கு ஒளி திருப்பும் பலகை கட்டாயம். இருந்தும் 1980-க்கு முன் செய்யப்பட்டு வரலாற்று வாகனம் என்ற வரிப்பிரிவில் சேர்ந்த வண்டி இன்றைக்கும் கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்தோடு சட்டப்படியே ஓடலாம். அந்த அளவு தாராளத்தைத் தங்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை. மத்திய விதியை மாற்றும் அதிகாரம் தங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன்.

தங்கள் கையில் இருப்பது ஒரு சுற்றறிக்கை. பழைய கார்களுக்கு உடற்கூட்டில் புதிதாகத் துளையிடலாகாது, ஏற்கெனவே உள்ள திருகாணித் துளைகளில் மாட்டிய இரும்புச் சட்டத்தில் பலகையைப் பூட்டாணி கொண்டு பிணைத்தால் போதும் என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கட்டும். சட்டத்தை உரிமையாளரே தம் செலவில் செய்து கொண்டுவருவார். இரண்டு அளவுகளில் எது பொருந்துமோ அதைக் கேட்டுப் பெறும் உரிமையும், தயாரிப்பாளர் இல்லாத வண்டிகளுக்கு உதகை வட்டார அலுவலகத்தின் வாயிலாகவே பலகை பெறும் வழியும், எண் மாறாது என்ற உறுதியும் அதிலேயே அடங்கட்டும். கோடை விழாவில் பழங்கார்கள் அணிவகுக்கும் அன்று மட்டும் பழைய கறுப்புப் பலகையையும் உடன் வைத்துக்கொள்ள இசைவு தந்தால் அது தங்கள் பெருந்தன்மை.

நான் சொன்ன இரும்புச் சட்டத்துக்கு மாதிரி ஒன்றை இங்குள்ள பட்டறையில் செய்து என் காரில் மாட்டியிருக்கிறேன். தாங்கள் உதகைக்கு முகாம் வரும் நாளைத் தெரிவித்தால் வண்டியை ஓட்டிவந்து காட்டத் தயார். இடப்பக்கத்துக் கைகாட்டி மட்டும் சில வேளைகளில் வெளியே வர மறுக்கும். அலுவலக வாசலில் திரும்பும்போது நானே கையை நீட்டினால் அதைக் குற்றமாகக் குறித்துக்கொள்ள வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குன்னூர்வாசி ஒருவன்