கிரயமா, குத்தகையா?

வீடியோ கேம் பற்றி எழுதப் புகுந்தால் இலக்கிய வாசகர் முகம் சுளிப்பார் என்பதை அறிந்தே இதை எழுதத் தொடங்குகிறோம். 'பிள்ளைகள் விளையாட்டுக்கு இத்தனை விசாரமா?' என்று நமது துறை அறையிலேயே மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அன்று அவருக்குச் சொன்ன பதிலின் விரிவுதான் இது.

நம்மிடம் பயிலும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், இரண்டு ஆண்டுகளாகப் பதினோரு விளையாட்டுகளை வாங்கி வைத்திருந்தார். வட்டாக ஒன்றும் இல்லை, எல்லாம் தரவிறக்கம். ஒரு நாள் அவரது கணக்கு முடக்கப்பட்டது. காரணம் கேட்டு அவர் அனுப்பிய மடல்களுக்கெல்லாம் இயந்திரம் எழுதிய ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. ரசீதுகள் அவரிடம் உள்ளன, பொருள் இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். 'காசு குடுத்து வாங்குனது எப்படி சார் எனக்குச் சொந்தம் இல்லாமப் போகும்?' என்று அவர் நம்மிடம் கேட்டார். சட்டம் நமக்குத் தெரியாது, சொல் தெரியும். 'வாங்குதல்' என்ற சொல்லுக்கு இங்கே என்ன நேர்ந்தது என்று பார்ப்பது நம் வேலைதான் என்று பட்டது.

ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. கிரயம் வேறு, குத்தகை வேறு, ஒத்தி வேறு, அடமானம் வேறு, வாடகை வேறு, இரவல் வேறு. எழுத்தறியாத சம்சாரிகூட இவற்றைக் குழப்பிக்கொள்ளமாட்டார். குத்தகை நிலத்தைக் கிரயம் என்று சொல்லி ஒருவர் பணம் வாங்கினால் ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: மோசடி. வீடியோ கேம் வணிகத்தில் இன்று நடப்பது அதுவே என்கிறோம். பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. அதன் அடியில், எவரும் படிக்காத ஒப்பந்தத்தில், 'உமக்குத் தருவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதை நாம் திரும்பப் பெறலாம்' என்ற பொருள்பட எழுதியிருக்கிறது. மேலே கிரயம், கீழே குத்தகை.

இந்த வழக்கு புதியதன்று; அது தொடங்கியதே ஒரு நாவலில்தான். அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் 1904இல் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. ஒரு டாலருக்குக் குறைவாக விற்க எந்த வணிகருக்கும் உரிமை இல்லை, விற்றால் அது காப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சடித்தது. மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908இல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: படியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் படியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்பார் என்று ஆணையிடும் அதிகாரம் காப்புரிமையாளருக்கு இல்லை. பழைய புத்தகக் கடைகளும், நண்பருக்குக் கடன் கொடுத்துத் திரும்பி வராத நாவல்களும் நிற்பது இந்த அடிப்படையில்தான்.

கார்ட்ரிட்ஜும் வட்டும் இருந்த காலம் வரை வீடியோ கேமும் புத்தகம் போலவே கைமாறியது. ஒரு பையன் ஆடி முடித்ததை இன்னொருவன் பாதி விலைக்கு வாங்கினான். அவன் முடித்ததை மூன்றாமவன் இரவல் பெற்றான். நிறுவனங்களுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தனது எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும், பழைய வட்டுகளைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு என்ற விதிகள் அதனோடு வந்தன. ஆடுவோர் கொதித்தெழுந்தனர். போட்டியாளரான சோனி, விளையாட்டைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று விளக்கும் கேலிப்படம் ஒன்றை வெளியிட்டது: ஒருவர் வட்டை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், படம் முடிகிறது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அன்று வென்றோம் என்று நினைத்தவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்கவில்லை. கேலி செய்த அதே சோனி 2020இல் பிளேஸ்டேஷன் 5 கருவியை வட்டுச் செருகி இல்லாத வடிவிலும் நூறு டாலர் குறைத்து விற்றது. 2024இல் வந்த 'ப்ரோ' வடிவில் வட்டுச் செருகியைத் தனியே காசு கொடுத்து வாங்கவேண்டும். முன்வாசல் வழியே வரமுடியாதது, வசதி என்ற பெயரில் கொல்லைவாசல் வழியே வந்து சேர்ந்தது.

வசதியை நாம் மறுக்கவில்லை. எல்லா ஊரிலும் வட்டு விற்கும் கடை இல்லை. அலமாரியில் இடம் இல்லை. வட்டு கீறும், பூஞ்சை பிடிக்கும், தொலையும். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டு அச்சடிக்கப் பணமில்லாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையில் உட்கார்ந்து ஆக்கிய எத்தனையோ நல்ல விளையாட்டுகள் தரவிறக்கம் இருந்ததால்தான் உலகைக் காண முடிந்தது. சிற்றிதழ் மரபில் வந்த நாம் இதைக் குறைத்துப் பேசினால் நன்றிகெட்டவர்களாவோம். நமது சண்டை தரவிறக்கத்தோடு இல்லை. தரவிறக்கியவனிடம் அதைத் தங்கவிடாத ஏற்பாட்டோடுதான்.

இந்த வேறுபாட்டைக் காணாமல், 'வட்டாக வாங்கு, கவலை இல்லை' என்று முழங்கும் சேகரிப்பாளர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு கடைகளில் வட்டாகவும் விற்றது. தனியே ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஆடவேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வர் நிறுத்தப்பட்டது. தரவிறக்கியவர், வட்டு வைத்திருப்பவர் இருவருக்கும் ஒரே கதி. அலமாரியில் அழகாக நிற்கும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இன்று ஒரு பிளாஸ்டிக் வட்டம் மட்டுமே. அதேபோல், 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்கு விற்கப்படும் விளையாட்டுகள் சிலவற்றில், பெட்டிக்குள் உள்ள அட்டையில் விளையாட்டே இல்லை; அதைத் தரவிறக்குவதற்கான சாவி மட்டுமே உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் விளையாட்டு வட்டுகளையும் நூல்களைப் போலப் பெற்றுக் காத்துவரும் ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம், இத்தகைய சாவி அட்டைகள் தனது சேகரிப்பு வரையறைக்குள் வராது என்று சொல்லிவிட்டது. சரிதானே? வெறும் சாவியை எந்த அடுக்கில் வைப்பது?

மறுபுறம், போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமத்தில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தைப் பாருங்கள். அங்கே எல்லாம் தரவிறக்கம்தான். ஆனால் நிறுவும் கோப்பைப் பூட்டில்லாமல் தருகிறார்கள். நம் வன்தட்டில் எடுத்து வைத்துக்கொண்டால் நாளை அந்தத் தளமே மூடப்பட்டாலும் விளையாட்டு ஓடும். ஆகவே 'தரவிறக்கம் என்றாலே இப்படித்தான், தொழில்நுட்பம் அப்படி' என்று சொல்வது பொய். தொழில்நுட்பம் இரண்டுக்கும் இடம் தருகிறது. தேர்ந்தெடுப்பது வியாபாரி.

இதில் பறிபோவது மாணவரின் பணம் மட்டுமென்றால் நுகர்வோர் மன்றத்தோடு விஷயம் முடிந்துவிடும். போவது ஆக்கங்களே. 2014 ஆகஸ்டில் ஹிதேயோ கோஜிமா, திரை இயக்குநர் கியெர்மோ தெல் தோரோவோடு இணைந்து திட்டமிட்ட ஒரு திகில் விளையாட்டின் முன்னோட்டமாக 'பி.டி.' இலவசத் தரவிறக்கமாக வந்தது. ஒரே நடைபாதையில் மீண்டும் மீண்டும் நடப்பதுதான் அது. அந்த வகைமையில் பின்னால் வந்த பலவற்றில் அதன் நிழல் விழுந்திருக்கிறது. மூல விளையாட்டு கைவிடப்பட்டதும், 2015 ஏப்ரலில் கோனாமி நிறுவனம் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே தரவிறக்கியவர் அழித்துவிட்டால் மீண்டும் பெற வழியில்லை. அது வட்டாக ஒருபோதும் வந்ததில்லை. அதைத் தாங்கிய கருவிகள் பழையபொருள் சந்தையில் பன்மடங்கு விலைக்குப் போயின. ஒரு கவிதையைப் படிக்க, அது அச்சான இதழை வைத்திருப்பவரின் வீட்டையே விலை பேசவேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை வட்டாகவும் கார்ட்ரிட்ஜாகவும் வந்தவை. அதனால் யாரோ ஒருவரின் பரணில், ஏதோ ஒரு பழைய சாமான் கடையில் ஒரு படி கிடைக்க இன்னும் வாய்ப்பிருக்கிறது. 2023 மார்ச்சில் நின்டெண்டோ தனது வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டுமே விற்ற விளையாட்டுகளுக்குப் பரண் எது? பழைய சாமான் கடை எது?

பரண் என்றதும் தமிழ் படித்தவருக்கு உ.வே.சா. நினைவு வராமல் போகாது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னால் ஊர் ஊராக அலைந்த கால்கள் இருக்கின்றன. அந்தக் கால்கள் போய் நிற்பதற்கு வீடுகள் இருந்தன. கரையான் தின்றது, ஆற்றில் விட்டது, அடுப்பில் போட்டது எல்லாம் போக எஞ்சியவை எஞ்சியது, சுவடிகள் பல கைகளில் சிதறிக் கிடந்ததால்தான். அச்சுவடிகள் அனைத்தும் ஒரே ஒருவரின் பூட்டிய அறையில் இருந்து, அவர் 'இனி இது இலாபமில்லை' என்று விளக்கை அணைத்திருந்தால் நாம் எதைப் பாடம் நடத்திக்கொண்டிருப்போம்? கவனக்குறைவான ஆயிரம் உடைமையாளர்கள், கவனமான ஓர் உடைமையாளரைவிட மேலானவர்கள். சுவடி வரலாறு நமக்குச் சொல்லித்தந்த பாடம் இது.

'அது விளையாட்டு, நமக்கு என்ன' என்று இன்னும் நினைப்பவருக்கு ஒரு தேதி: 2009 ஜூலை. அமேசான் தனது வாசகர்களின் கிண்டில் கருவிகளில் புகுந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் ஒரு பதிப்பை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது அன்று தெரிந்துவிட்டது. அச்சிட்ட நூலில் உரிமைச் சிக்கல் வந்தால் கடையிலிருந்து எடுப்பார்கள். இரவில் நம் வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுக்கமாட்டார்கள்.

சட்டம் மெல்ல விழிக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், உரிமம் மட்டுமே தரும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது; நிரந்தரமாக எடுத்து வைத்துக்கொள்ளத் தருபவருக்கு விலக்கு உண்டு. ஒரு வினைச்சொல்லைக் காக்க ஓர் அரசு சட்டம் இயற்றியது மொழி ஆசிரியர்களான நமக்கு மகிழ்ச்சியே. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டை இயங்காதபடி செய்யக்கூடாது என்று கோரும் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. பாதகமான தீர்ப்புகளும் உண்டு. இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் சொன்னதை 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புரட்டிவிட்டது.

'சர்வரை என்றென்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா?' என்று நிறுவனங்களின் வக்காலத்துக்காரர்கள் கேட்கிறார்கள். யாரும் அப்படிக் கேட்கவில்லை. போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். எதிர்ப்பு வலுத்த பிறகு, 'தி க்ரூ' வரிசையின் அடுத்த விளையாட்டுகளை இணையமின்றி ஆட வழி செய்வதாக 2024இல் யூபிசாஃப்டே அறிவித்தது. கேட்டால் முடிகிறது, கேட்காவிட்டால் முடியாதாம்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. குத்தகை என்றால் குத்தகை என்று எழுதுங்கள். விலையையும் குத்தகைக்கு ஏற்ப வையுங்கள். கிரயம் என்று எழுதினால் பூட்டில்லாத கோப்பைக் கையில் கொடுங்கள். கடையை மூடும் நாளில் ஒரு படியையாவது நூலகத்திடம் ஒப்படையுங்கள். ஆடுவோருக்கும் ஒன்று: வட்டோ தரவிறக்கமோ, காசு கொடுக்குமுன் 'கம்பியைப் பிடுங்கினாலும் இது ஓடுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஓடும் என்றால் அது உங்களுடையது.

பொருள் கேட்பதற்குத் தொல்காப்பியம் மூன்று சொற்களை வகுத்து வைத்திருக்கிறது. தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', ஒத்தவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. முழு விலையும் கொடுத்துவிட்டு நிற்பவர் குறைந்தது 'தா' என்று கேட்கும் இடத்திலாவது இருக்கவேண்டும். பதினோரு ரசீதுகளோடு நம் எதிரே நின்ற அந்த மாணவரை 'ஈ' என்று இரக்க வைத்திருக்கிறார்கள்.