விளக்கீட்டு மாலையும் விடிந்தால் பள்ளியும்

நளித்திங்கள் (கார்த்திகை) முழுநிலா நெருங்கும்போதெல்லாம் இராதாபுரத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே வினாவைக் கேட்கின்றனர். "ஐயா, விடிந்தால் பிள்ளைக்குத் தேர்வு, இன்றைக்குப் பார்த்து விளக்கு வைக்கிற நாளாய்ப் போயிற்று. என்ன செய்ய?" நாளாய்ப் போயிற்றாம்! ஈராயிரம் ஆண்டாக இந்நிலத்தில் ஏற்றிவரும் விளக்கு, தேர்வுக்குக் குறுக்கே வந்த இடையூறாகிவிட்டது.

அறுமீன் முழுமதியைச் சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கேற்றி, ஊரார் ஒன்றுகூடி விழவயர்ந்ததை அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுகிறார். கார் நாற்பதும் களவழி நாற்பதும் இவ்விளக்கை அறியும். சம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் இதனை விளக்கீடு என்றே அழைக்கிறார். தீபம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இச்சொல் நினைவிலேயே இல்லை.

இவ்விழா அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. 2022-இல் திசம்பர் 6 செவ்வாய்க்கிழமையிலும், 2025-இல் திசம்பர் 3 அறிவன்கிழமையிலும் (புதன்) விளக்கீடு வந்தது. இரண்டும் பள்ளி நாள்கள்; இரண்டும் அரையாண்டுத் தேர்வை ஒட்டிய நாள்கள். தீபாவளிக்கு விடுமுறை உண்டு. விளக்கீட்டுக்கோ ஒரு மாலைப்பொழுதே உண்டு. அந்த மாலையையும் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டால் எஞ்சுவது என்ன?

பிறரைக் குறைகூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், விளக்கீட்டுக்கு மறுநாட் காலையில் இலக்கணத் தேர்வு என்று என் வகுப்பில் அறிவித்தேன். மறுநாள் ஒரு மாணவன் வெற்றுத்தாளை நீட்டினான். கண்கள் செருகின, பெருவிரலில் ஓலை அறுத்த கீறல். சினந்து கேட்டேன். "ஓலை நறுக்கியதும் மாவு திணித்ததும் நான்தான் ஐயா. விருந்தாட்கள் போகப் பதினொரு மணி ஆயிற்று" என்றான். முழு மதிப்பெண் பெற்ற மாணவியைப் பாராட்டி, "உங்கள் வீட்டில் எத்தனை விளக்கு?" என்றேன். "தெரியாது ஐயா. படிக்கச் சொல்லி அறைக்கதவைச் சாத்திவிட்டார்கள்" என்றாள். அவன் உறக்கத்தை இழந்தான். அவள் விளக்கை இழந்தாள். இரண்டு இழப்புக்கும் நானும் ஒரு கரணியம். அன்று வெற்றுத்தாள் தந்தவன் அம்மாணவன் அல்லன், ஆசிரியனாகிய நானே.

எண்ணிப் பாருங்கள். உறக்கத்தைத் திருடியது விழாவா? திசம்பர்த் தொடக்கத்தில் நம் பக்கம் ஏறத்தாழ ஆறு மணிக்கே ஞாயிறு மறைகிறது. விளக்கேற்றுவது அந்தி வேலை, நள்ளிரவு வேலையன்று. பொழுது சாய்ந்தபின் மாவிடிக்கத் தொடங்குவதும், எட்டு மணிக்கு வரும் உறவினருக்காகப் பிள்ளைகளின் உணவைத் தள்ளிவைப்பதும், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நடுவீட்டில் அமர்த்துவதும் பெரியோர் செய்யும் பிழைகள். 6 முதல் 12 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. காலை ஆறுக்கு எழவேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கிறது. ஒரு விழாவுக்கு அது போதாதா?

போதும், முன்னேற்பாடு வேண்டும், அவ்வளவே. குருத்தோலையை முதல்நாளே நறுக்கித் துடைத்து வையுங்கள். பாசிப்பயற்றை வறுப்பதும் தேங்காய் துருவுவதும் கருப்புக்கட்டியைத் தட்டி வைப்பதும் முதல்நாள் வேலைகளே. விளக்கீட்டன்று பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, விளக்குக்கு முன்பே வீட்டுப்பாடத்தை முடித்துப் பையை அடுக்கிவிடட்டும். ஆறு மணிக்கு அகல்களைப் பிள்ளைகளே ஏற்றட்டும். பருத்தியுடை அணிவித்து, அருகே ஒரு பெரியவர் நின்றால் போதும். ஓலைக்கொழுக்கட்டை ஏழரைக்குள் வெந்து இறங்கட்டும். அதுவே அன்றைய இராவுணவு. கோயில் முன்றிலில் சொக்கப்பனை எரிவதைக் காட்டாமல் விடாதீர்கள். ஆனால் தழல் தணிந்ததும் ஒருவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுக. நின்று ஊர்க்கதை பேசுவது பெரியோர்க்கு உரியது. பிள்ளைகளின் உறக்கத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டா.

அந்த மூன்று மணி நேரம் படிப்புக்கு இழப்பு என்போர் தொல்காப்பிய மரபியலைப் புரட்டட்டும். புறத்தே வயிரமுடையன புல், அகத்தே வயிரமுடையன மரம் என்று பிரித்து, புல்லினத்துக்கு உரிய உறுப்புப் பெயர்களாக ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. அவ்வகையில் பனையும் புல்லே. வகுப்பில் இதனை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணாக்கர் கொட்டாவி விடுகின்றனர். ஆச்சியின் அருகமர்ந்து ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்தெடுத்த பிள்ளைக்கோ அந்நூற்பா விரல்நுனியில் இருக்கிறது. பனைநாடாகிய நம் இராதாபுரத்துப் பிள்ளைகள் குருத்துக்கும் சாரோலைக்கும் வேறுபாடு அறியாமல் வளர்வது எவ்வளவு பெரிய நாணம்!

ஆசிரியத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். விளக்கீட்டுக்கு மறுநாட் காலையில் வகுப்புத் தேர்வு வைக்காதீர்கள். அந்நிகழ்ச்சிக்குப் பின் நான் வைப்பதில்லை. மாறாக, "பனையின் உறுப்புகளுள் பத்தின் பெயரை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருக" என்பதே அன்றைக்கு நான் தரும் வீட்டுப்பாடம். நான் அறியாத சொற்களும் அத்தாள்களில் வருகின்றன.

விடுமுறை பெற்ற விழாக்களை நாட்காட்டி காத்துக்கொள்ளும். விடுமுறையில்லாத விழாவை வீடுதான் காக்கவேண்டும். வரும் நளித்திங்களில் உங்கள் பிள்ளையின் கையில் ஓர் அகலைக் கொடுங்கள்; விளக்கீடு என்னும் சொல்லையும் கொடுங்கள்; ஒன்பது மணிக்குள் உறங்கச் செய்யுங்கள். மறுநாள் அப்பிள்ளை தெளிந்த கண்ணோடு என் வகுப்புக்கு வரட்டும்; மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.