பதிவேட்டில் இல்லாத ராக்கெட்டுகள்

இந்த வாரம் பள்ளிப்பட்டில் ஓர் இரவு முழுக்கக் கைப்பேசிகள் ஊமையாகக் கிடந்தன. மழை பெய்தது, மின்சாரம் போனது, செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்தது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து எங்கள் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். அந்தச் சேதி இப்போது கைப்பேசியில்தான் வருகிறது. மறுநாள் டவரைப் பராமரிப்பவர்களிடம் கேட்டால், “எங்களுக்குத் தகவலே வரவில்லை” என்கிறார்கள். எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

மின்சாரம் நின்றதும் டவர் ஓர் அலாரம் அனுப்பும். ஜெனரேட்டர் ஓடாவிட்டால் இன்னொன்று, பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் மற்றொன்று. எல்லாம் தேதி, மணி, நிமிடத்தோடு கண்காணிப்பு மையக் கணினியில் பதிவாகும். அதைப் பார்த்துவிட்டதாக பட்டனை அழுத்தியவர் யார் என்பதும் பதிவாகும். அடங்கிப்போகும் முன் அந்த டவர் வெகுநேரம் கூப்பிட்டிருக்கும்.

வால்டர் லார்ட் 1955-ல் எழுதிய டைட்டானிக் புத்தகத்தை நான் விடுவதில்லை என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டதைக் கேட்காமல் போன கதை அதிலும் உண்டு என்பதால் இந்த வாரமும் அதைத்தான் எடுத்தேன். 1912 ஏப்ரல் 14 இரவு, ‘கலிஃபோர்னியன்’ என்ற கப்பல் டைட்டானிக்குக்கு அருகிலேயே பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதில் வயர்லெஸ்காரர் ஒருவர்தான், சிரில் எவன்ஸ். பனிக்கட்டி பற்றி அவர் சொல்லப்போனபோது டைட்டானிக்கின் வயர்லெஸ்காரர் வாயை மூடச் சொன்னார். இரவு 11.30 வாக்கில் எவன்ஸ் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் இருந்தவர்கள் தூரத்தில் அபாய அறிவிப்பான வெள்ளை ராக்கெட்டுகளைக் கண்டார்கள். கேப்டனிடமும் சொன்னார்கள். விடியும்வரை எவன்ஸை யாரும் எழுப்பவில்லை.

என்னை உலுக்குவது அதற்குப் பின் நடந்தது. விசாரணையில் அந்தக் கப்பலின் பதிவேட்டைப் பார்த்தால், ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றிரவுக் குறிப்புகள் எழுதிய தாள்களும் கிழித்தெறியப்பட்டிருந்தன. கண்ணால் கண்டதை எழுதாமல் விடுவதை நான் குற்றமென்றே சொல்வேன். மாறாக, ‘கார்பேத்தியா’ என்ற இன்னொரு கப்பலின் வயர்லெஸ்காரர் ஹெரால்ட் காட்டம் படுக்கப்போகும் வேளையிலும் காதில் ஹெட்போனை வைத்திருந்ததால்தான் 700-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள்.

பிற்பாடு உலகம் பாடம் கற்றது. 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் மணிக்கு இருமுறை, மூன்று மூன்று நிமிடம், எல்லாக் கப்பல்களும் பேச்சை நிறுத்திவிட்டு அபாயக் குரல் கேட்கிறதா என்று கவனித்தன. வயர்லெஸ் அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தார்கள். நான்கு நொடி நீளமுள்ள ஒலிக்கோடுகள் ஒரே சீராக வந்தால், தூங்குகிறவரை எழுப்பத் தானாக மணியடிக்கும் கருவியும் வந்தது. கேட்டதைப் பதிவேட்டில் எழுதுவதும் கட்டாயமானது.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லையோர டவர்களின் அலாரப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் எப்போது நின்றது, முதல் அலாரத்தைப் பார்த்தவர் யார், டீசலோடு ஆள் எப்போது கிளம்பினார் என்று பாருங்கள். பார்த்ததைப் பள்ளிப்பட்டு மக்களுக்கும் சொல்லுங்கள்.