புட்டிக்குள் அடங்குமா மலைநாட்டுப் புகை?

கொழுந்து லொறி மலைப்பாதையில் ஏறும்போது கக்கும் கரும்புகையைச் சுவாசிப்பவர் யார்? தோட்டத்துத் துரையா? கம்பனிப் பங்குதாரரா? பாதையோரம் நடக்கும் தொழிலாளப் பெண்ணும், பள்ளிக்குப் போகும் அவள் பிள்ளையுமே! டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

அதற்குப் பரிகாரமென இன்று இரண்டு மருந்துகள் கூறப்படுகின்றன. ஒன்று, டீசலோடு சேர்த்து ஊற்றும் புட்டி மருந்து. புட்டி வியாபாரிகளை நாம் கேட்பது இதுதான்: உங்கள் சரக்கு எந்த யந்திரத்தில், எவ்வளவு உயரத்தில் பரிசோதிக்கப்பட்டது? சாட்சியத்தைக் காட்டுங்கள், இல்லையேல் வழக்குத் தள்ளுபடி!

மற்றது, தாவர எண்ணெயிற் செய்யும் உயிரி டீசல். இதற்குச் சாட்சியம் உண்டு, மறைப்பது நேர்மையன்று. நூற்றுக்கு 20 பங்கு கலந்தால் கரித்துகள் ஏறத்தாழ நூற்றுக்குப் 10 குறையுமென்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002இல் கணித்தது. நைதரசன் ஒட்சைட்டு நூற்றுக்கு 2 அளவில் கூடும் என்றும் அதே கணிப்புக் கூறிற்று. பத்தில் ஒன்று குறைந்தால், மிச்சம் ஒன்பது யார் நெஞ்சிற் படிவது?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பின் காற்றுக்கு அளவிட்டுப் பூட்டிய பழைய டீசல் பம்பி, மலை மீதும் அதே அளவைப் பீச்சுகிறது. எரியக் காற்றுப் போதாமல் டீசல் கரியாகிறது. பம்பியைத் திருத்துவதும், காற்று வடிகட்டியை மாற்றுவதும், கந்தகம் குறைந்த டீசலை வாங்குவதும் நிர்வாகத்தின் செலவு. அதனாலன்றோ புட்டியின் மீது இத்தனை காதல்!

சரி, உயிரி டீசலுக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? தூய பாமெண்ணெய் டீசல் 15 பாகை அளவிலேயே கலங்கத் தொடங்கும். கலப்பிலும் அத்தொல்லை முற்றாக நீங்காது. தை மாதத்துப் பனியில் எந்த லொறி கிளம்பும்? காட்டாமணக்கா? இந்தியா 2003இல் அதை நம்பிப் பெருந்திட்டம் தீட்டியது; தமிழ்நாட்டில் நட்ட உழவர் பலர் விளைச்சல் காணாது கைவிட்டனர்.

வீடு கட்ட 7 பேர்ச் நிலம் பெறவே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மக்களிடம், எரிபொருட் பயிருக்கு ஏக்கர் கணக்கில் தரிசு உண்டென்று எவரும் சொல்ல வரவேண்டாம். அந்தத் தரிசில் முதலுரிமை அவர்களுடையது. எண்ணெய் வேண்டுமானால், நுவரெலியா ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சுவதைச் சேர்த்துக் காய்ச்சுங்கள். அது எந்த லயத்தின் நிலத்தையும் கேட்காது.

அதற்கு முன், ஒவ்வொரு லொறிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் கடைசியாகப் பம்பி திருத்திய தேதியைத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் எழுதி வைக்கும்படி தோட்டத் தலைவர்கள் இந்த மாதமே கேட்கட்டும்.